நேற்றைத் திருப்பிப் பார்க்கும் விமானம்

2016 ஜனவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக்கு மேலே ஒரு சிறிய செஸ்னா விமானம் வட்டமடிக்கத் தொடங்கியது. துறைமுக நகரம் அது. பக்கத்திலேயே பெரிய விமான நிலையம் இருக்கிறது. வானத்தில் இரைச்சல் கேட்டால் அண்ணாந்து பார்க்கும் பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. விமானத்தின் அடிவயிற்றில் இருந்த கேமராத் தொகுதி நொடிக்கு ஒரு படம் எடுத்தது. ஒவ்வொரு படத்திலும் சுமார் 80 சதுர கிலோமீட்டர் நிலம் அடங்கியது. நகரத்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். கடைக்கு நடந்தவர், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர், தேவாலயத்திலிருந்து வெளியே வந்தவர், கொல்லைப்புறத்தில் குழந்தையோடு விளையாடியவர் எல்லோரும் அந்தப் படங்களில் விழுந்தார்கள்.

ஆகஸ்ட் மாதம் புளூம்பெர்க் பிஸினஸ்வீக் இதழில் ஒரு கட்டுரை வந்தபோதுதான் பால்டிமோர் மக்களுக்கு விஷயம் தெரிந்தது. அதற்குள் சுமார் 300 மணி நேரம் அந்தக் கேமரா அவர்களைப் படம் பிடித்து முடித்திருந்தது. நகர மன்றம் இதைப்பற்றி ஒருநாளும் விவாதிக்கவில்லை. அதற்குச் சொல்லப்படவே இல்லை.

டிரோன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கல்யாண மண்டபத்துக்கு மேலே ரீங்காரமிடும் நான்கு விசிறிப் பொறிதான். செஸ்னாவில் விமானி இருந்தார். ஆனாலும் ஆளில்லா விமானங்களைப் பற்றிய நூலில் ஒரு முழு அத்தியாயத்தை இந்த விமானத்துக்கு ஒதுக்குகிறேன். மேலே ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதைவிட, மேலிருந்து எடுத்தது எத்தனை நாள் பத்திரமாக இருக்கிறது என்பதே கீழே வாழ்கிறவர்களின் வாழ்க்கையை மாற்றுகிறது. அதைப் பால்டிமோரைப்போல் தெளிவாகக் காட்டும் ஊர் வேறு இல்லை.

முதலில் கணக்கு. அந்தக் கேமராத் தொகுதியின் திறன் 192 மெகாபிக்சல், அதாவது 19.2 கோடி பிக்சல்கள். 80 சதுர கிலோமீட்டர் என்பது 8 கோடி சதுர மீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு பிக்சலுக்கு இரண்டடிக்கு இரண்டடி நிலம் கிடைக்கிறது. உச்சியிலிருந்து பார்க்கும்போது ஒரு மனிதரின் தோள் அகலம் அதற்குள் அடங்கிவிடும். ஆகவே படத்தில் மனிதர் என்பவர் ஒரு புள்ளி. ஆணா பெண்ணா, கறுப்பரா வெள்ளையரா, கையில் பை இருக்கிறதா துப்பாக்கி இருக்கிறதா, எதுவும் தெரியாது. விமானத்தை இயக்கிய நிறுவனம் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதைத்தான்: எங்களால் யாருடைய முகத்தையும் பார்க்க முடியாது.

உண்மைதான். ஆனால் படங்களை வரிசையாக ஓட்டிப் பாருங்கள். நடக்கிறவர் ஒரு நொடியில் சுமார் 1.3 மீட்டர் நகர்வார். படத்தில் இரண்டு பிக்சல். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 14 மீட்டர் நகரும். இருபதுக்கும் சற்று அதிகமான பிக்சல். அடுத்தடுத்த இரண்டு படங்களில் அதே புள்ளி எது என்று கண் எளிதில் பிடித்துக்கொள்ளும். பத்து மணி நேரம் பறந்தால் 36,000 படங்கள். மதியம் மூன்று மணிக்கு ஒரு தெருமுனையில் துப்பாக்கிச் சூடு நடந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆய்வாளர் அந்த நொடியின் படத்தை எடுக்கிறார். அருகிலிருந்து விலகி ஓடும் புள்ளியைக் குறிக்கிறார். ஒவ்வொரு படமாகச் சொடுக்கி, அது எந்தக் காரில் ஏறியது, கார் எந்த வீட்டு வாசலில் நின்றது என்று பின்தொடர்கிறார். பிறகு ஓட்டத்தைத் திருப்புகிறார். சுடுவதற்கு முன் அந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது? காலையில் யாரைச் சந்தித்தது? சந்தித்த அந்த இன்னொரு புள்ளி அதன்பின் எங்கே போனது?

பாலத்துக்கு அடியிலும் அடர்ந்த மரநிழலிலும் புள்ளி தொலைந்துபோகும். அங்கே தரையிலிருக்கும் கேமராக்கள் உதவிக்கு வரும். பால்டிமோர் தெருக்களில் போலீஸ் நூற்றுக்கணக்கான கேமராக்களையும், நம்பர் பிளேட் படிக்கும் கருவிகளையும் ஏற்கெனவே வைத்திருந்தது. விமானத்துக்கு முகம் தெரியாது, ஆனால் பயணம் முழுவதும் தெரியும். தெருக் கேமராவுக்குப் பயணம் தெரியாது, கடந்துபோன அந்தக் கணத்தின் முகம் தெரியும். புள்ளி எந்தக் கேமராவை எத்தனை மணிக்குக் கடந்தது என்று பார்த்து இரண்டையும் ஒட்டினால், புள்ளிக்குப் பெயர் வந்துவிடுகிறது.

பொதுவாகக் கண்காணிப்பு என்றால் யார் மீதாவது சந்தேகம் வரும், அதன்பின் அவரைப் பின்தொடர்வார்கள். இங்கே அந்த வரிசை தலைகீழாகிறது. எல்லோரையும் முதலில் பின்தொடர்ந்து வைத்துக்கொள்கிறார்கள். சந்தேகம் என்றைக்கோ ஒரு நாள் வரும்போது அந்த நாளிலிருந்து நேற்றைக்குத் திரும்பிப் போகிறார்கள்.

இந்த யோசனை போர்க்களத்தில் வளர்ந்தது. இராக்கில் அமெரிக்கப் படைகளுக்குப் பெரும் உயிர்ச்சேதம் சாலையோரத்தில் புதைத்த வெடிகுண்டுகளால்தான் ஏற்பட்டது. வெடித்த பிறகு அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் இரண்டு நாள் முன்பு குழி தோண்டியவர் இருந்திருப்பார். அந்த இடத்தை மேலிருந்து இடைவிடாமல் படம் பிடித்து வைத்திருந்தால், வெடித்த கணத்திலிருந்து பின்னோக்கிப் போய்த் தோண்டியவரையும், அவர் வந்த வீட்டையும் கண்டுபிடிக்கலாம். 2006-இல் ராணுவத்தின் கான்ஸ்டன்ட் ஹாக், அடுத்த ஆண்டு மரீன் படைக்காக ஏஞ்சல் ஃபயர் என்று இந்த ரகக் கேமராக்கள் இராக் வானத்துக்குப் போயின. ஏஞ்சல் ஃபயரை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் விமானப் படையின் தொழில்நுட்பக் கழகத்தில் பணிபுரிந்த ராஸ் மெக்நட். பின்னாளில் பால்டிமோருக்குச் செஸ்னாவைக் கொண்டுவந்த பெர்சிஸ்டென்ட் சர்வைலன்ஸ் சிஸ்டம்ஸ் நிறுவனம் அவருடையதுதான்.

ஆளில்லா விமானத்திலும் இதே கண் ஏறியது. 2011 முதல் ஆப்கானிஸ்தானில் ரீப்பர் டிரோன்களில் பறந்த அமைப்புக்கு கோர்கன் ஸ்டேர் என்று பெயர். பார்த்தவரைக் கல்லாக்கும் கிரேக்கப் புராணப் பெண்ணின் பார்வை. ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா உருவாக்க வைத்த இன்னொன்றுக்கு, உடம்பெல்லாம் கண் கொண்ட ஆர்கஸ் என்ற அரக்கனின் பெயர். கைப்பேசிக் கேமராவில் இருப்பதுபோன்ற 368 சில்லுகளை ஒன்றாகக் கோத்து 180 கோடி பிக்சல் படம் எடுக்கும். 40 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு சாண் அளவுள்ள பொருளும் தெரியும். நம் கதைகளிலும் ஆயிரம் கண் உண்டு. இந்திரனுக்கு அது சாபத்தின் தழும்பு. அதே ஆயிரம் கண்ணை மாரியம்மனுக்கு வைத்துக் கும்பிடும்போது அது காவல். ஆயிரங்கண்ணுடையாள் பார்த்துக்கொள்வாள் என்று பிள்ளையை வெளியூருக்கு அனுப்புகிற தாய்க்கு அந்தப் பார்வை அச்சம் தருவதில்லை.

பால்டிமோரின் கதையை எழுதும்போது இந்தத் தாயை மறந்துவிடக் கூடாது. ஆறு லட்சம் பேர் வசிக்கும் அந்த நகரத்தில் 2015-இல் மட்டும் 340-க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள். பல கொலைகளில் யாரும் கைதாகவில்லை. சாட்சி சொன்னால் தன் உயிருக்கு ஆபத்து என்பதால் பார்த்தவர்கள் வாய் திறக்கவில்லை. மகனைக் கொன்றவன் அதே தெருவில் நடமாடுகிறான் என்று தெரிந்தும் எதுவும் செய்ய முடியாத வீடுகள் அங்கே இருந்தன. பயப்படாத ஒரு சாட்சி வானத்திலிருந்து வருகிறது என்றால் அந்த வீடுகள் வரவேற்காமல் என்ன செய்யும்? விமானத்தை ஆதரித்துப் பேசியவர்களில் உள்ளூர்க் கறுப்பின மக்களும் இருந்தார்கள். தனியுரிமை பற்றி எழுதுகிறவர்கள் அவர்களை அறியாதவர்களாகச் சித்திரிப்பது எனக்கு ஏற்புடையதல்ல. அவர்கள் கேட்டது நியாயமான பொருள்: பாதுகாப்பு.

ஆனால் அதைத் தர முன்வந்தது யார் என்பதில்தான் சிக்கல். 2015 ஏப்ரலில் ஃப்ரெடி கிரே என்ற 25 வயது கறுப்பின இளைஞர் போலீஸ் காவலில் ஏற்பட்ட கழுத்துத் தண்டுவடக் காயத்தால் இறந்தார். நகரம் கொதித்தெழுந்தது. போராட்டக்காரர்களின் தலைக்கு மேலே எஃப்பிஐயின் விமானங்கள் அகச்சிவப்புக் கேமராக்களோடு பறந்தன. பின்னர் மத்திய நீதித்துறை பால்டிமோர் போலீஸை விசாரித்து 2016 ஆகஸ்ட் 10 அன்று அறிக்கை வெளியிட்டது. ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில் சுமார் மூன்று லட்சம் முறை வழியில் போகிறவர்களைப் போலீஸ் நிறுத்திச் சோதித்திருந்தது. அதில் 44 சதவீதம், நகர மக்களில் 11 சதவீதம் பேர் மட்டுமே வாழும், பெரும்பாலும் கறுப்பர்கள் குடியிருக்கும் இரண்டு சிறிய சரகங்களில் நடந்தது. நிறுத்தப்பட்டவர்களில் வழக்கோ கைதோ ஆனது 3.7 சதவீதம்தான். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதர் நான்கு ஆண்டுகளுக்குள் 30 முறை நிறுத்தப்பட்டிருந்தார். ஒருமுறைகூட அவர் மீது வழக்கு இல்லை.

இந்த அறிக்கை வந்து இரண்டு வாரம்கூட ஆவதற்குள் செஸ்னா செய்தி வெளிவந்தது. தெருவில் நிறுத்திச் சோதிப்பதையே சட்டப்படி செய்யத் தெரியாத ஒரு காவல்துறை, அதே காலத்தில் நகரத்தையே வானத்திலிருந்து பதிவு செய்துகொண்டிருந்தது என்பது இரண்டையும் சேர்த்துப் படித்தவர்களுக்குப் புரிந்தது.

பணம் வந்த வழியும் கவனிக்கத்தக்கது. டெக்சாஸில் வாழும் கோடீஸ்வரத் தம்பதி ஜான் அர்னால்டும் லாரா அர்னால்டும் வானொலி நிகழ்ச்சி ஒன்றில் மெக்நட்டின் விமானத்தைப் பற்றிக் கேட்டார்கள். கொலை குறையுமானால் செலவை ஏற்கிறோம் என்றார்கள். நன்கொடை ஒரு உள்ளூர் அறக்கட்டளை வழியாகப் போலீஸுக்குப் போனது. வரிப்பணம் ஒரு டாலரும் இல்லாததால் யாரிடமும் ஓட்டெடுப்புக்கு வைக்க வேண்டியிருக்கவில்லை. நல்ல எண்ணத்தோடு தந்த பணம்தான் என்று நம்புகிறேன். ஆனால் ஒரு நகரத்தின் வரவுசெலவுத் திட்டம் என்பது வெறும் பணக் கணக்கில்லை. அங்கேதான் மக்கள், எங்களுக்கு இது வேண்டும், இது வேண்டாம் என்று சொல்கிறார்கள். அந்தக் கதவைச் சுற்றிக்கொண்டு வந்தது இந்த விமானம்.

அதற்கு முன்பும் அப்படித்தான். 2009-இல் கொலைகள் மலிந்த மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரத்துக்கு மேலே இது பறந்தது. 2012-இல் கலிபோர்னியாவின் காம்ப்டன் நகரத்தின் மேலே ஒன்பது நாள் பறந்தது, அந்த ஊர் மக்களுக்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. ஒஹையோ மாநிலத்தின் டேடன் நகரத்தில் மட்டும் 2013-இல் மக்களைக் கூட்டிக் கேட்டார்கள். வேண்டாம் என்றார்கள். திட்டம் நின்றது.

பொது இடத்தில் நடக்கிறவரை எல்லோரும்தான் பார்க்கிறார்கள், விமானம் பார்த்தால் மட்டும் என்ன குறை என்று ஒரு கேள்வி எழும். நம்மில் பலர் வளர்ந்த சூழலை நினைத்துப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். கிராமத்தில் ஊர்க்கண் என்று ஒன்று உண்டு. யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், எவர் மகள் எந்தப் பஸ்ஸில் ஏறினாள் என்று டீக்கடைப் பெஞ்சுக்கும் திண்ணைக்கும் தெரியும். அந்தக் கண்ணும் கொடுமை செய்திருக்கிறது, குறிப்பாகப் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட சாதியினருக்கும். அதிலிருந்து தப்பிக்கவே எத்தனையோ பேர் பட்டணம் வந்தார்கள். ஆனால் ஊர்க்கண்ணுக்கும் ஒரு வரம்பு இருந்தது. திண்ணையில் இருக்கிறவரை நாமும் பார்ப்போம். என்ன பார்க்கிறாய் என்று கேட்கலாம். அவருக்குத் தூக்கம் வரும், வயதாகும், போன மாசம் செவ்வாய்க்கிழமை நடந்தது மறந்துபோகும். மறதி என்பது மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து வாழக் கிடைத்த பெரிய சலுகை. விமானம் அந்தச் சலுகையைத் தருவதில்லை.

பெயரில்லாத புள்ளி என்ற சமாதானமும் நிற்காது. 2013-இல் ஈவ்-அலெக்சாந்தர் தெ மோந்த்வாயும் அவருடைய சகாக்களும் 15 லட்சம் பேரின் 15 மாதக் கைப்பேசி இருப்பிடப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். பெயரும் எண்ணும் நீக்கப்பட்ட பதிவுகள். ஒருவர் எந்த நேரத்தில் எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் இருந்தார் என்பதற்கு நான்கே நான்கு தடயம் கிடைத்தால் போதும், 95 சதவீதம் பேரை அந்த 15 லட்சத்திலிருந்து தனியே பிரித்துவிடலாம் என்று கண்டார்கள். நம்முடைய வீடு, வேலை செய்யும் இடம், அதற்கிடையே போகும் பாதை, போகும் நேரம் இவையெல்லாம் சேர்ந்து கைரேகையைப்போல் ஆகிவிடுகின்றன. கோபுரத்தின் எல்லை பல தெருக்கள் அளவுக்கு விரியும். விமானத்தின் புள்ளியோ இரண்டடி.

புள்ளிகள் ஒன்றுகூடும் இடங்களையும் எண்ணிப் பாருங்கள். சங்கக் கூட்டம், மதுப்பழக்கத்தை விடுவதற்கான சிகிச்சை மையம், மசூதி, வழக்கறிஞரின் அலுவலகம். 1956-இல் அலபாமா மாநிலம், கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடும் என்ஏஏசிபி சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைக் கேட்டது. பட்டியல் வெளியே போனால் உறுப்பினர்களுக்கு வேலை போகும், உயிருக்கும் ஆபத்து வரும் என்று சங்கம் மறுத்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது. இன்று அப்படியொரு பட்டியலை யாரும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. கூட்டம் முடிந்து கலையும் புள்ளிகளை வீடுவரை பின்தொடர்ந்தால் அதுவே பட்டியல். யாரும் தொடராவிட்டாலும், தொடர முடியும் என்று தெரிந்தாலே சிலர் வராமல் நின்றுவிடுவார்கள். எட்வர்ட் ஸ்னோடன் 2013 ஜூனில் இணையக் கண்காணிப்பை அம்பலப்படுத்திய பிறகு, விக்கிப்பீடியாவில் பயங்கரவாதம் தொடர்பான கட்டுரைகளைப் படிக்க வருகிறவர்கள் கணிசமாகக் குறைந்ததை ஜான் பென்னி என்ற சட்ட ஆய்வாளர் காட்டினார். யாரும் யாரையும் மிரட்டவில்லை. மக்கள் தாமாகவே அந்தப் பக்கங்களைத் தவிர்த்தார்கள்.

பால்டிமோரில் விமானம் மீண்டும் வந்தது. இம்முறை அறிவித்துவிட்டு வந்தது. 2020 மே மாதம் முதல் அக்டோபர் முடிய ஆறு மாதச் சோதனைத் திட்டம். செலவு 37 லட்சம் டாலர். பணம் மறுபடியும் அர்னால்டு தம்பதியின் அமைப்புடையது. நகரத்தின் 90 சதவீதப் பரப்பு, வாரத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம், பகலில் மட்டும். கொலை, துப்பாக்கிச் சூடு, ஆயுதமுனைக் கொள்ளை, கார் பறிப்பு ஆகிய குற்றங்களுக்கு மட்டுமே படங்களைப் பயன்படுத்துவோம், வழக்கில் தேவைப்படாத படங்களை 45 நாளில் அழிப்போம் என்றது போலீஸ்.

உள்ளூர்க் கறுப்பின மக்கள் அமைப்பான லீடர்ஸ் ஆஃப் எ பியூட்டிஃபுல் ஸ்ட்ரகிள் வழக்குத் தொடுத்தது. சட்டத்தின் நிலைமை அவர்களுக்குச் சாதகமாக இருக்கவில்லை. வானத்திலிருந்து கண்ணால் பார்ப்பது அத்துமீறல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1986-இலேயே சொல்லியிருந்தது. ஆயிரம் அடி உயரத்தில் பறந்த போலீஸார் ஒருவர் வீட்டுக் கொல்லையில் கஞ்சாச் செடியைப் பார்த்த வழக்கு அது. ஆனால் 2018-இல் கார்பென்டர் வழக்கில் காற்று திசை மாறியிருந்தது. ஒருவருடைய 127 நாள் கைப்பேசி இருப்பிடப் பதிவுகளை, மொத்தம் 12,898 இடக்குறிப்புகளை, உரிய வாரன்ட் இல்லாமல் போலீஸ் பெற்றிருந்தது. அது தவறு என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. ஒருவரைத் தெருவில் ஒருமுறை பார்ப்பதும், அவருடைய கடந்த காலம் முழுவதையும் எடுத்து விரிப்பதும் வேறு வேறு என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

பால்டிமோர் போலீஸ் தரப்பின் வாதம் கூர்மையானது. எங்கள் விமானம் இரவில் பறப்பதில்லை. ஒவ்வொரு மாலையும் இழை அறுந்துவிடுகிறது. நேற்றைய புள்ளியும் இன்றைய புள்ளியும் ஒருவர்தானா என்று எங்களுக்கே தெரியாது. முதலில் மாவட்ட நீதிமன்றமும், பின் 2020 நவம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட மேல்முறையீட்டு அமர்வும் போலீஸ் பக்கமே நின்றன. வழக்கு அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வுக்குப் போனது. 2021 ஜூன் 24 அன்று எட்டுக்கு ஏழு என்ற ஒற்றை ஓட்டு வித்தியாசத்தில் தீர்ப்பு புரண்டது. மனிதர்கள் மாலையில் வீடு திரும்புகிறார்கள், காலையில் அதே வாசலிலிருந்து புறப்படுகிறார்கள், ஆகவே அறுந்த இழையை முடிபோடுவது கடினமல்ல என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. அதை எழுதிய தலைமை நீதிபதி ரோஜர் கிரெகரி ஒரு கறுப்பினத்தவர். தனியே எழுதிய கருத்துரையில் அவர் பால்டிமோரின் இனப் பிரிவினை வரலாற்றை நினைவுபடுத்தினார். எந்தத் தெருவில் எந்த நிறத்தவர் குடியிருக்கலாம் என்று சட்டம் போட்ட முதல் அமெரிக்க நகரம் அது, 1910-இல்.

தீர்ப்புக்கு முன்பே, 2021 பிப்ரவரியில், புதிய மேயர் பிராண்டன் ஸ்காட்டின் நிர்வாகம் ஒப்பந்தத்தை முறித்திருந்தது. செயின்ட் லூயிஸ் நகரத்திலும் இதே விமானத்தைக் கொண்டுவர நடந்த முயற்சி கைகூடவில்லை.

டிரோன்கள் மட்டும் நிற்கவில்லை. கலிபோர்னியாவில் மெக்சிகோ எல்லையோரம் இருக்கும் சூலா விஸ்டா போலீஸ் 2018 முதல், அவசர அழைப்பு வந்ததும் கட்டடக் கூரையிலிருந்து டிரோனை அனுப்புகிறது. எந்நேரமும் சுற்றிக்கொண்டிருப்பதில்லை. எந்த அழைப்புக்காக எங்கே பறந்தது என்பதை வரைபடமாகவும் வெளியிடுகிறது. பால்டிமோரைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் போகிற வழியில் யார் யார் வீட்டு மாடிகள் படத்தில் விழுகின்றன என்று அந்த ஊர் மக்கள் கேட்கிறார்கள். அந்தக் காணொளிகள் அனைத்தையுமே விசாரணை ஆவணம் என்று சொல்லி ஒட்டுமொத்தமாக மறைக்க முடியாது என்று 2023-இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது.

பால்டிமோர் வழக்கில் ஒரு கட்டத்தில் நகர நிர்வாகம், விமானம்தான் தரையிறங்கிவிட்டதே, இனி எதற்கு வழக்கு என்று கேட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. ஏனென்றால் படங்கள் இன்னும் போலீஸிடம் இருந்தன. ஆறு மாதத்தில் எடுத்ததில் பெரும்பகுதியை அழித்துவிட்டார்கள். விசாரணைகளோடு தொடர்புள்ளவை என்று சுமார் 14 சதவீதத்தை வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு படமும் பல சதுர கிலோமீட்டர் விரிவது. தேடப்பட்ட ஒரு புள்ளிக்காக வைத்துக்கொண்ட படத்தில், அந்த நேரத்தில் ரொட்டி வாங்கப் போனவரும், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காகக் காத்திருந்தவரும், யாரிடமும் சொல்லாமல் மருத்துவரைப் பார்க்கப் போனவரும் புள்ளியாகக் கூடவே இருக்கிறார்கள்.